எங்கட சனசமூக நிலையத்தின்ர 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் காப்பாளர் ஐயாவுக்கும் நிர்வாகசபை ஆக்களுக்கும் அங்கத்தவர்கள் எல்லாருக்கும் வணக்கம். பொதுக்கூட்டத்தில வாசிச்ச அறிக்கையைத்தான் டைப் பண்ணிப் போடுறன். பதிவில 84 பேர் இருக்க அண்டைக்கு வந்திருந்தது 19 பேர், மிச்சப் பேருக்கும் இது போய்ச் சேரவேணும்.

வழமையான விசயங்களை முதல்ல சொல்லி விடுறன். நிர்வாகசபை ஒன்பது தரம் கூடினது, ரெண்டு தரம் ஆக்கள் காணாமல் கலைஞ்சது. சிரமதானம் ரெண்டு. நவராத்திரி, தைப்பொங்கல் நடந்தது. முன்பள்ளிப் பிள்ளையளின்ர விளையாட்டுப் போட்டி மாசியில நடந்தது. மாரிக்கு ஒழுகின மேற்குப்பக்க ஓடு மாத்தியாச்சு. பேப்பர் மூண்டு எடுத்த இடத்தில பங்குனியில இருந்து ரெண்டுதான், ஏனெண்டு சந்தாக் கதையில வரும்.

இனி முக்கியமானது. இந்த வருசம் நான் முன்னுக்கு நிண்டு செய்த வேலை எண்டால், ஜனாதிபதி மாறினதைப் பற்றியும் எதிர்க்கட்சியின்ர நிலைமையைப் பற்றியும் வாசிகசாலையில வைச்ச ஆறு கலந்துரையாடல்தான். நிலையத்துக்குள்ள அரசியலைக் கொண்டுவாறான், கட்சிக்கு ஆள் சேர்க்கிறான் எண்டு வெளியில கன கதை திரியுது, அதால என்ன கதைச்சம் எண்டதை கொஞ்சம் விரிவாவே எழுதுறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

தொடங்கினதுக்கு காரணம் தேர்தலுக்கு அடுத்த நாள். 2024 செப்டெம்பர் 21 சனிக்கிழமை வாக்குப் போட்டது, ஞாயிறு மத்தியானம் ஊரடங்கு எடுத்த கையோட நான் வாசிகசாலையைத் திறந்தனான், ஒரு அரை மணித்தியாலத்தில திண்ணை நிரம்பிப்போச்சு. அநுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 வீதம், சஜித் பிரேமதாசவுக்கு 32.76 வீதம், ஒருத்தருக்கும் பாதி தாண்டேல்லை. 1982இல இருந்து எட்டு ஜனாதிபதித் தேர்தல் நடந்தது, எட்டிலும் முதல் எண்ணிக்கையிலயே ஒருத்தர் பாதியைத் தாண்டினவர், இது ஒன்பதாவது, இதிலதான் முதல் தரம் விருப்பு வாக்கு எண்ணுறாங்கள். ஏ.எல். படிக்கிற ஒரு தம்பி கேட்டவன், "அண்ணை, ரெண்டாவது எண்ணினால் தோத்தவர் வெல்லலாமோ?" எண்டு. அங்க இருந்த ஒருத்தருக்கும் விளங்கப்படுத்தத் தெரியேல்லை. எனக்கும் தெரியேல்லை. வாசிகசாலை எண்டு போர்ட் போட்டு வைச்சிருக்கிறம், பிள்ளை கேக்கிற கேள்விக்கு மறுமொழி இல்லையெண்டால் பேந்தென்னத்துக்கு உந்தப் போர்ட்?

அதுதான் முதல் கூட்டத்தில எடுத்தது. முதல் ரெண்டு பேரையும் வைச்சிட்டு மற்ற எல்லாரையும் விலத்துறது, விலத்தினவைக்கு விழுந்த வாக்குச்சீட்டில ரெண்டாவது, அதுவும் இல்லாட்டி மூண்டாவது விருப்பு இந்த ரெண்டு பேரில ஆருக்கு எண்டு பாத்துக் கூட்டுறது, அவ்வளவுதான். அப்பிடிக் கூட்டினதில சஜித்துக்கு 1,67,867ம் அநுரவுக்கு 1,05,264ம் சேந்தது. விருப்பு வாக்கில சஜித்துக்குத்தான் கூட, ஆனா அது காணாது. நான் சார்ட் பேப்பரில எழுதி ஒட்டினது அந்தக் கணக்கை இல்லை, வேற ஒண்டை. விலத்தின வேட்பாளர்களுக்கு விழுந்த செல்லுபடியான சீட்டு கிட்டத்தட்ட 33 இலட்சம், அதில இந்த ரெண்டு பேருக்கும் விருப்பு வந்தது 2 இலட்சத்து 73 ஆயிரம்தான். மிச்சம் 30 இலட்சத்துக்கு மேல சீட்டு அந்தக் கணக்குக்கு வரவே இல்லை. தங்கட ஆள் தோத்தால் அடுத்ததா ஆர் வரவேணும் எண்டு சொல்ல கையில உரிமை இருந்தது. கனபேர் அதைப் பாவிக்கேல்லை. எங்கட பக்கம் தமிழ்ப் பொதுவேட்பாளர் அரியநேத்திரனுக்கு சங்குச் சின்னத்துக்குப் போட்டவையும் இதில இருக்கினம், நானும் அதில ஒராள்.

ரெண்டாவது கூட்டத்தில கதிரை மாறின விதத்தைக் கதைச்சம். 23ஆம் திகதி அநுர சத்தியப்பிரமாணம், 24ஆம் திகதி ஹரிணி அமரசூரிய பிரதமர், அண்டிரவே பாராளுமன்றம் கலைஞ்சது. 2022 ஆடியில கோட்டாபய நாட்டை விட்டுப்போய் வெளியில இருந்து பதவி விலகி, 134 எம்பிமாரின்ர வாக்கில ரணில் வந்ததை கண்ணால பாத்த எங்களுக்கு, தோத்த ரணில் பேசாமல் எழும்பிப்போறதும் வெண்டவர் வந்து இருக்கிறதும் ஒரு பெரிய விசயமாத்தான் தெரிஞ்சது. 2020 பாராளுமன்றத்தில மூண்டு ஆசனத்தோட இருந்த அணி ஐயா அநுரவின்ர அணி.

கனக்க கதைச்சது மூண்டாவது கூட்டத்தில, நவம்பர் 14 பொதுத்தேர்தல் முடிஞ்சு. பேங்க்கில வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு அங்கத்தவர் கணக்கோட வந்தவர், சஜித்தின்ர 32.76ஓட ரணிலின்ர 17.27ஐக் கூட்டினால் 50.03 வருது, ரெண்டு பேரும் சேந்து கேட்டிருந்தால் வெண்டிருப்பினம், இனியும் ரெண்டு கட்சியும் ஒண்டாகிறதுதான் வழி எண்டார். எனக்கு அதில உடன்பாடில்லை, அண்டைக்கும் சொன்னனான். வாக்கு மூட்டை அரிசி இல்லை, ரெண்டைத் தூக்கி ஒரு சாக்கில கொட்ட. செப்டெம்பரில சஜித்துக்குப் போட்டது 43 இலட்சத்து 63 ஆயிரம் பேர், ரெண்டு மாசம் கழிய அவரின்ர ஐக்கிய மக்கள் சக்திக்குப் போட்டது 19 இலட்சத்து 68 ஆயிரம். ரணிலின்ர 23 இலட்சத்தில அவரின்ர பக்கத்துப் புதிய ஜனநாயக முன்னணிக்கு நிண்டது 5 இலட்சம். அநுரவின்ர தேசிய மக்கள் சக்தி 56 இலட்சத்தில இருந்து 68 இலட்சத்துக்குப் போய் 159 ஆசனம் எடுத்தது, மூண்டில ரெண்டுக்கு 150 காணும். ஒரு பகுதி அங்கால போனது உண்மைதான், ஆனா எல்லாம் போகேல்லை. வாக்களிப்பே 79.46 வீதத்தில இருந்து 68.93க்கு இறங்கினது. தோத்த பக்கத்துச் சனம் வீட்டில நிண்டிட்டுது. இனி என்னத்துக்கு எண்டு நிண்டிட்டுது. அப்பிடி நிண்டபடியாத்தான் பிரதான எதிர்க்கட்சி 40 ஆசனத்தோட இருக்குது, 2020இல 145 எடுத்த ராஜபக்சமாரின்ர பொதுஜன பெரமுன மூண்டோட இருக்குது.

யாழ்ப்பாண மாவட்டத்தையும் விடேல்லை. செப்டெம்பரில இஞ்ச அநுரவுக்கு 27 ஆயிரம், நவம்பரில அவையின்ர கட்சிக்கு 80 ஆயிரம், ஆறில மூண்டு ஆசனம். இது தமிழ்க் கட்சியளின்ர பிழையோ சனத்தின்ர ஆசையோ எண்டு இரவு ஒன்பதரை மட்டும் வாக்குவாதம், கதவு பூட்டவே ஏலாமல் போச்சு. அண்டைக்கு எழும்பின சத்தத்தைத்தான் பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பாடு செய்தவர், அதுக்கு இதில மன்னிப்புக் கேக்கிறன்.

நாலாவதில மூத்த அங்கத்தவர் ஒருத்தர் 1977ஐப் பற்றிக் கதைச்சவர். அப்ப 168 ஆசனத்தில ஐக்கிய தேசியக் கட்சிக்கு 140, 18 பேரோட எங்கட தமிழர் விடுதலைக் கூட்டணி பிரதான எதிர்க்கட்சி, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர். அந்தப் பலத்தில 1982 டிசம்பரில சர்வசன வாக்கெடுப்பு வைச்சு தேர்தல் இல்லாமலே பாராளுமன்றத்தை இன்னும் ஆறு வருசத்துக்கு நீட்டினவை. 83 ஆவணியில, தனிநாட்டை ஆதரிக்கமாட்டம் எண்டு சத்தியம் செய்யவேணும் எண்ட அரசியலமைப்பின்ர ஆறாவது திருத்தம் வந்தது, கூட்டணி எம்பிமார் அந்தச் சத்தியத்தைச் செய்யமாட்டம் எண்டு ஆசனத்தை இழந்தவை. அதுக்குப் பிறகு நடந்ததை எங்கட ஊருக்கு ஒருத்தரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. இப்ப இருக்கிற அரசாங்கமும் அப்பிடித்தான் எண்டு நான் சொல்லேல்லை, ஆனா அந்தப் பக்கக் கதிரை வெறுமையாப் போறது எவ்வளவு பாரதூரம் எண்டு தெரிஞ்ச சனம் நாங்கள். 2024 ஆனி 30 தவறின, தமிழ்த் தேசியக் கூட்டமைப்புத் தலைவரா இருந்த சம்பந்தன் ஐயா 2015இல இருந்து மூண்டு வருசம் அந்தக் கதிரையில இருந்தவர். எதிர்க்கட்சித் தலைவர் அரசியலமைப்புப் பேரவையில பதவி வழியா ஒரு உறுப்பினர், பிரதம நீதியரசர், பொலிஸ்மா அதிபர் நியமனமெல்லாம் அதைத் தாண்டித்தான் போகவேணும். பாராளுமன்றத்தின்ர பொது நிதி பற்றிய குழுவுக்கு எதிர்க்கட்சி ஆள்தான் தலைவரா இருக்கவேணும் எண்டு சபை விதியளான நிலையியற் கட்டளையிலயே இருக்கு, இப்ப ஐக்கிய மக்கள் சக்தியின்ர ஹர்ஷ டி சில்வா இருக்கிறார். ஐஞ்சாவது கூட்டம் முழுக்க இதுதான். தோத்தவனுக்கு கணக்குப் பாக்கிற வேலையைக் குடுத்து வைச்சிருக்கிறது எவ்வளவு நல்ல ஏற்பாடு எண்டு எனக்கு அண்டைக்குத்தான் வடிவா விளங்கினது.

ஆறாவது, 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பிறகு. ஆளும் கட்சி 61 வீதத்தில இருந்து 43க்கு இறங்கினது, ஆனா ஐக்கிய மக்கள் சக்தியும் 22 வீதத்தைத் தொடேல்லை. அரசாங்கம் இறங்கினால் எதிர்க்கட்சி தன்பாட்டில ஏறாது எண்டு அதில தெரியுது. அந்தக் கூட்டத்துக்கு வந்தது 11 பேர். முதல் கூட்டத்துக்கு 47 பேர்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுறன் எண்டால் எங்கட நிலையத்திலயும் அதே வருசம் தலைவர் மாறினவர். 2024 ஆனிப் பொதுக்கூட்டத்தில 38க்கு 31. 11 வருசம் இருந்த மாஸ்டர் தோத்தவர். நான் மாஸ்டருக்குத்தான் கை உயர்த்தினனான், அது எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் புதுத்தலைவர் என்னையே செயலாளரா இருக்கச் சொன்னவர், நானும் இருந்தனான், அதுக்காக என்னோட கதைக்காமல் விட்ட ஆக்கள் இருக்கினம். அந்த 31 பேரில இந்த வருசம் ஒரு தரமாவது நிலையத்துக்கு வந்தது ஐஞ்சு பேர். மாஸ்டரிட்ட நான் மூண்டு தரம் வீட்டை போனனான். மூண்டாந்தரம் "தோத்தவனுக்கு அங்க என்ன தம்பி வேலை" எண்டு கேட்டவர். அண்டைக்கு எனக்கு மறுமொழி வரேல்லை. இப்ப சொல்லுறன் மாஸ்டர், உங்களுக்குத்தான் அங்க வேலை கூட. கூரை ஓட்டுக்கு எடுத்த விலைமனு ஒண்டே ஒண்டுதான், நீங்கள் இருந்திருந்தால் மூண்டு கேட்டிருப்பீங்கள். நிர்வாகசபையில ஒருத்தரும் கேக்கேல்லை, நானும் கேக்கேல்லை, அது என்ர பிழை.

சந்தா. மாசம் 100 ரூபா. 84 பேரில வருசம் முழுக்கக் கட்டினது 29 பேர், ஒண்டுமே கட்டாதது 37 பேர். கட்டாதவை தோத்த பக்கம் மட்டும் எண்டு நினைக்கவேண்டாம், 38இல கை உயர்த்தின ஆக்களும் கன பேர் இருக்கினம், வெண்டாச்சுத்தானே எண்டு அவையும் வாறேல்லை. பேப்பர் ஒண்டை நிப்பாட்டினது இதாலதான். வயசுபோன நாலு பேர் அந்தப் பேப்பருக்காகவே காலமை வாறவை, அவைக்கு முகம் குடுக்கிறது நான்.

வரவு செலவை பொருளாளர் தனியா வாசிச்சவர். பெரிய கடன் இல்லை, கையிருப்பும் சொல்லுற அளவுக்கு இல்லை, கரண்ட் பில் கட்டியிருக்கு. கலந்துரையாடலுக்கு நிலையத்தின்ர காசு போனது சார்ட் பேப்பருக்கும் போட்டோ கொப்பிக்கும் மட்டும்தான், தேத்தண்ணிச் செலவு என்ர சொந்தக் காசு.

நன்றி சொல்லவேண்டியவை: தலைவர், பொருளாளர், கிராம சேவையாளர், ஓடு மாத்த உதவின வெளிநாட்டு உறவுகள், மண்டபம் கூட்டித் தந்த பிள்ளையள், சார்ட் எழுத உதவின ஏ.எல். தம்பி.

வாற வருசம் மாகாணசபையைப் பற்றித் தொடங்க விருப்பம். வடக்கில கடைசியா வாக்குப் போட்டது 2013 செப்டெம்பரில, 2018 ஒக்டோபரோட காலம் முடிஞ்சது, இண்டைக்கு மட்டும் தேர்தல் இல்லை. ஆனா 11 பேரோட தொடங்க எனக்கு மனமில்லை, அதை ஒளிக்காமல் சொல்லுறன். செயலாளர் பதவியை இன்னொராள் எடுக்கிறதெண்டால் சந்தோசமாக் குடுப்பன்.

அதுக்கு முதல் ஒரு பிரேரணை எழுதிக் குடுத்திருக்கிறன், தலைவரும் ஓமெண்டிட்டார். தலைவர் தெரிவில தோத்த பக்கம் சொல்லுற ஆள்தான் இனி எங்கட உள்ளகக் கணக்குப் பரிசோதகர். யாப்பில அதைச் சேர்க்க ஐஞ்சு பேர் குழு வேணும், மூண்டு பெயர் போட்டாச்சு, ரெண்டு இடம் அந்த 31 பேருக்காக வெறுமையா விட்டிருக்கிறன், முதலாவதுக்கு நேர மாஸ்டரின்ர பெயரை பென்சிலால எழுதியிருக்கு. யாப்புப்படி சந்தா கட்டின ஆக்கள்தான் குழுவில இருக்கலாம். சந்தாப் புத்தகம் செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் ஐஞ்சு மணியில இருந்து ஏழு மட்டும் என்னட்ட இருக்கும், வரஏலாத ஆக்கள் சொன்னால் நானே சைக்கிளில வாறன்.

இப்படிக்கு,
செயலாளர்