மேரி பிஸ்கட்டில் உள்ள சீனி தமிழில் தெரியட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேலூர் பக்கத்துக் கிராமங்களில் சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் ஊர் டீக்கடையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "சீனி போடாம ஒரு டீ, அப்படியே நாலு மேரி." கேட்பவர் சுகர் மாத்திரை சாப்பிடுகிறவராக இருப்பார். மேரி உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்று அவ்வளவு நம்பிக்கை.

பாக்கெட்டின் பின்பக்கம் வேறு சொல்கிறது. அதில் என்னென்ன சேர்த்திருக்கிறது என்ற பட்டியலில், எடை அதிகமான பொருளின் பெயரை முதலில் போட வேண்டும் என்பது விதி. பெரும்பாலான மேரி பாக்கெட்டுகளில் முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, அப்புறம் பாமாயில். 100 கிராமில் சர்க்கரை மட்டும் ஏறக்குறைய 20 கிராம். நாலு பிஸ்கட் தின்றால் ஒரு டீஸ்பூன் சீனி உள்ளே போய்விடும். டீயில் வேண்டாம் என்றவருக்குத் தட்டில் வந்து சேர்கிறது. மைதாவும் சீக்கிரமே குளுக்கோஸாக மாறிவிடும், நார்ச்சத்தும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. க்ரீம் பிஸ்கட்டை விடக் கொழுப்பு குறைவுதான், அதை மறுக்கவில்லை.

இது ஆஸ்பத்திரிக்காகப் பிறந்த பண்டமும் அல்ல. 1874-ல் ரஷ்யச் சக்கரவர்த்தியின் மகள் மரியாவுக்கும் விக்டோரியா மகாராணியின் மகன் ஆல்பிரட்டுக்கும் கல்யாணம் நடந்தது. அதையொட்டி லண்டனில் பீக் ஃப்ரீன் கம்பெனி மணப்பெண் பெயரில் செய்த பிஸ்கட் இது. நம் ஊரிலோ காய்ச்சல்காரருக்கு லேசாக இருக்கும் என்று கொடுத்துக் கொடுத்து, நோயாளியைப் பார்க்கப் போகிறவர் பையில் ரொட்டியோடு மேரியும் இருந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது.

பக்கத்து வீட்டு அத்தாச்சியிடம் ஒரு பாக்கெட்டைக் கொடுத்தேன். தமிழ் பேப்பரை வரி விடாமல் படிக்கிறவர். கண்ணாடி போட்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் இங்கிலீசுல போட்டிருக்கான்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். விவரம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும், மற்ற மொழி கம்பெனியின் விருப்பம் என்றுதான் விதியே இருக்கிறது. தமிழ்நாட்டில் விற்கும் பாக்கெட்டில் சர்க்கரை அளவையாவது தமிழில், பெரிய எழுத்தில் போட வைக்க வேண்டும். டீக்கடைகளில் பாட்டிலில் போட்டு உதிரியாக விற்பதால், பாக்கெட்டில் அச்சடித்த அந்த விவரமும் யார் கண்ணிலும் படுவதில்லை. பாட்டிலிலும் ஒரு சீட்டு ஒட்டச் சொல்லலாம். கடைக்காரர்கள் பக்கத்திலேயே அவித்த கடலையோ சுண்டலோ வைத்தால் சுகர்காரர்கள் அதைக் கேட்டு வாங்குவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
மேலூர், மதுரை மாவட்டம்.