சில்லறை சலாமிக்கும் விவரச் சீட்டு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கீழக்கரையிலும் ராமநாதபுரத்திலும் கோல்ட் ஸ்டோரேஜ் கடைகளுக்கு நல்ல கூட்டம். வளைகுடாவில் பல காலம் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர்களுக்கு அங்கே பழகிய ருசி லேசில் விடுவதில்லை. சிக்கன் சலாமி, மோர்ட்டடெல்லா, சாசேஜ் என்று பதப்படுத்திய இறைச்சி வகைகள் எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். கேட்ட அளவுக்கு வெட்டி, எடைபோட்டு, வெறும் பாலிதீன் பையில் கட்டித் தருவார்கள். பையில் ஒரு எழுத்துகூட இருக்காது.

எங்கள் வாப்பாவும் அப்படித் திரும்பியவர்தான். சர்க்கரையும் இருக்கிறது, ரத்தக் கொதிப்பும் இருக்கிறது. காலைப் பசியாற ரொட்டிக்குள் மூன்று துண்டு சலாமி வைத்தால்தான் அவருக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும். எப்போதாவது கொடுக்கலாம், ஆனால் கலோரியையும் உப்பையும் கணக்குப் பார்த்துக் கொடுங்கள் என்றார் டயட்டீஷியன். அந்தக் கணக்கைப் போட வழியில்லாததால்தான் இந்தக் கடிதம்.

கடலோரத்துக்காரர்களுக்கு மீனைக் கண்ணால் பார்த்தே தெரியும். பாம்பனிலோ ஏர்வாடியிலோ கருவாடு வாங்கினால் நெத்திலியா சீலாவா என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மீனும் உப்பும், அவ்வளவுதான். சலாமி அப்படி இல்லை. இறைச்சி, கொழுப்பு, தண்ணீர், பல நேரம் மாவு, சோயா எல்லாம் ஒன்றாக அரைபட்டு வருகிறது. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, ஒரு கிராம் புரதத்திலோ மாவுச்சத்திலோ 4 கலோரி. எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரியாமல் கலோரியை எப்படிச் சொல்வது? மாவு சேர்ந்திருந்தால் சர்க்கரைக்காரர்களுக்கு அது வேறு கவலை.

'மூன்று துண்டு' என்பதும் ஓர் அளவே இல்லை. எங்கள் வீட்டுச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். மெஷினில் சீவித் தருகிற கடையின் துண்டு, அடுத்த துண்டின் நிறம் தெரிகிற அளவுக்கு மெல்லிசு; ஒன்று ஏறக்குறைய 10 கிராம்தான். கத்தியால் வெட்டித் தருகிற கடையின் துண்டு 25 கிராம் வருகிறது, அதுவும் ஒரு ஓரம் தடித்து மறு ஓரம் ஒல்லியாக. நூறு கிராமுக்கு 250 கலோரி என்று வைத்துக்கொண்டால், அங்கே மூன்று துண்டு 75 கலோரி, இங்கே மூன்று துண்டு 190-ஐ நெருங்குகிறது. அப்புறம் சாசேஜை எண்ணெயில் வதக்கினால், சாப்பாட்டில் சேரும் ஒவ்வொரு டீஸ்பூன் எண்ணெய்க்கும் 40 கலோரிக்கு மேல் கூடும்.

இப்போதைக்கு நான் செய்வது இதுதான். பத்துத் துண்டைச் சேர்த்து எடைபோட்டு வகுத்துக்கொள்கிறேன். அதே வகைச் சாமான் அச்சடித்த பாக்கெட்டிலும் வருகிறதல்லவா, அப்படி இரண்டு மூன்று பாக்கெட்டைப் பார்த்து, இருப்பதிலேயே கூடுதலான எண்ணை எடுத்துக்கொள்கிறேன். வெள்ளைப் புள்ளிகள் நிறையத் தெரிந்தால் கொழுப்பு அதிகம் என்று ஒரு துண்டைக் குறைத்துவிடுகிறேன். ஆனால் உப்பு கண்ணுக்கும் தெரியாது, தராசுக்கும் தெரியாது. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது. பதப்படுத்திய இறைச்சி பலவற்றில் நூறு கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியமாவது இருக்கிறது. உப்பாகச் சொன்னால் 2 கிராம். தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி தின்றால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்று அதே நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் சொன்னது. 50 கிராம் என்பது கத்தித் துண்டு இரண்டே இரண்டு.

இந்த விவரமெல்லாம் யாரிடமும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கடைக்கு அந்தச் சலாமி பெரிய உருளையாக, உறையில் கலோரி, புரதம், கொழுப்பு, சோடியம், தயாரித்த தேதி எல்லாம் அச்சாகித்தான் வருகிறது. 2020-ஆம் ஆண்டின் லேபிள் விதிகள் பாக்கெட் உணவுக்கு அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. நான் வழக்கமாக வாங்கும் கடையில் கேட்டபோது, "உறையக் கிழிச்சதும் குப்பையில போட்டாச்சு லாத்தா" என்றார் பையன். அவர் மேல் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அதை எடுத்து வைக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

சில்லறையாக விற்கும் இனிப்புக்கு, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று தட்டில் எழுதி வைக்கும்படி 2020 அக்டோபர் முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. ஜிலேபிக்கு முடிந்தது சலாமிக்கு முடியாதா? புதிதாக எதையும் பரிசோதிக்க வேண்டாம், அச்சடிக்க வேண்டாம். உறையில் விவரம் உள்ள பகுதியை வெட்டி, அந்தச் சாமான் விற்றுத் தீரும் வரை கண்ணாடிப் பெட்டியின் வெளிப்புறத்தில் ஒட்டினால் போதும். செல்போன் வைத்திருப்பவர்கள் படம் எடுத்துக்கொள்வார்கள். உருளையைப் பிரித்த தேதியையும் பேனாவால் எழுதிவிட்டால் ரொம்ப நல்லது.

நோன்பு மாதம் வந்தால் சாசேஜ் ரோலுக்கும் சமோசாவுக்கும் இந்தச் சாமான்கள் கிலோ கணக்கில் போகும். சர்க்கரையும் கொதிப்பும் உள்ள பெரியவர்கள் இல்லாத வீடு எங்கள் தெருவில் குறைவு. மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையினர் அதற்கு முன்பே கடைக்காரர்களைக் கூப்பிட்டு இந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கீழக்கரை.