மேலாற்றிலிருந்து சேதி சொன்னவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஐயா, அம்மா, அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

பள்ளி விடுமுறை நாள்களில் கோலாலம்பூர்க் குடும்பங்களை உலு லங்காட், உலு யாம், கோல குபு பாரு பக்கம் ஆற்றுக்கு அழைத்துப் போகும் குழுவினர் எழுதுகிறோம். தண்ணீரில் இறங்கலாமா கூடாதா என்று வாய் திறந்து சொல்வது நாங்கள்தான். அப்படிச் சொல்லத் தைரியம் தந்தவர்கள் நீங்கள். பெயர் போடவில்லை, செய்த உதவியைச் சொன்னால் யாரென்று உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி, மேலாற்றில் குடியிருக்கும் ஒராங் அஸ்லி (பழங்குடி) அண்ணன்மாருக்கு. குளிக்கிற இடத்தில் வெயில் கொளுத்தும். ஆற்றோடு நான்கு கிலோமீட்டர் மேலே போனால் மலைச்சரிவில் மழை ஊற்றும். செங்குத்தான சரிவில் மண் அவ்வளவு தண்ணீரையும் குடிக்காது. சில சமயம் விழுந்த மரமும் இலைதழையும் ஓடையை அடைத்து நின்று, பிறகு ஒரேயடியாக உடையும். அப்படித் திடீரென்று பாய்ந்து வரும் வெள்ளம்தான் கெப்பாலா ஆயர். 'மேலே மழை' என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) நீங்கள் அனுப்பும் இரண்டு சொல் எந்தக் கருவிக்கும் முந்தி வந்து சேர்கிறது. வந்ததும் எல்லாரையும் கரையேற்றுகிறோம், காரணம் கேட்பவர்களுக்குக் கரையில் வைத்துப் பதில் சொல்கிறோம்.

சேதி வராத நாளில் எதைப் பார்ப்பது என்றும் நீங்களே காட்டினீர்கள். தண்ணீர் விளிம்பில் ஒரு கல்லை வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பது. கல் இரண்டு விரல் முழுகினால் போதும், வெளியேற வேண்டும். தெளிந்த தண்ணீர் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்துக்குத் திரும்புவது, பச்சை இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருவது, மண்வாசம், தூரத்தில் லாரி வருவது போன்ற இரைச்சல்: இதில் ஒன்று தெரிந்தாலும் பையை எடுக்கப் போகாமல் மேட்டுக்கு ஏற வேண்டும். அதனால்தான் சாப்பாட்டுப் பாயை வண்டி நிற்கும் கரையில் மட்டும் விரிக்கச் சொல்கிறோம். ஆற்று நடுப் பாறையில் படம் எடுக்க அழகாகத்தான் இருக்கிறது. தண்ணீர் ஏறினால் இரண்டு பக்கமும் வழி போய்விடும்.

அடுத்து, நீர்ப்பாசன வடிகால் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஐயாவுக்கு. ஆற்று நீர்மட்டம் காட்டும் பப்ளிக் இன்ஃபோபஞ்சிர் இணையப் பக்கத்தைப் படிக்கத் தெரியாமல் படித்துக்கொண்டிருந்தோம். அங்கே 28 மீட்டர் என்றிருந்தால் ஆறு 28 மீட்டர் ஆழம் என்று பொருளில்லை. கடல் மட்டத்திலிருந்து எடுத்த அளவு அது. அந்த எண்ணை அதே நிலையத்தின் வழக்க நிலை, விழிப்பு, எச்சரிக்கை, ஆபத்து என்ற நான்கு படிகளோடு சேர்த்துப் பார்த்தால்தான் அர்த்தம். நிறத்தைவிடக் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் முக்கியம் என்றீர்கள். இன்னொன்றும் சொன்னீர்கள்: அளவு நிலையங்கள் பெரும்பாலும் பெரிய ஆறுகளில்தான், காபாய், சொங்காக் மாதிரி மலையோடையின் நிலவரத்தைக் கீழே உள்ள நிலையம் தாமதமாகத்தான் காட்டும். அதனால் அந்தப் பக்கத்தை முதல்நாள் இரவு பார்க்கிறோம், காலையில் வானிலைத் துறையின் ராடார் படத்தைப் பார்க்கிறோம், ஆற்றங்கரையில் கண்ணை நம்புகிறோம்.

பின்மதியத்துக்கு முன்பே ஆற்றைவிட்டுக் கிளம்பச் சொன்னதும் நீங்கள்தான். மலாக்கா நீரிணையிலிருந்து வரும் கடற்காற்று தித்திவங்சா மலைத்தொடரில் மோதி மேலேறுவதால், ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்மதிய இடிமழை வழக்கம். ஒரு மணிக்கு மேல் தண்ணீரில் யாரும் இல்லை என்று வைத்திருக்கிறோம். மின்னல் தெரிந்து முப்பது வினாடிக்குள் இடி கேட்டால் எந்த மணியானாலும் வெளியே. கடைசி இடிக்குப் பின் முப்பது நிமிடம் காத்திருப்பு.

ஆரஞ்சுத் தோல் கணக்கு சொல்லித்தந்த ஆசிரியை அக்காவுக்குத் தனி நன்றி. கரையில் பத்து மீட்டர் அளந்து, ஆற்று நடுவில் தோலை எறிந்து நேரம் பார்ப்பது. தோல் பாதி முழுகி மிதப்பதால் காற்று தள்ளாது. காய்ந்த இலையைக் காற்று தள்ளிவிடும். பத்து வினாடி ஆனால் மேற்பரப்பு வேகம் வினாடிக்கு ஒரு மீட்டர். அடிநீர் மெதுவாகப் போவதால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். அந்த இடத்தில் ஆழம் 60 சென்டிமீட்டர் என்றால் 0.6 × 0.85 = 0.51. ஆழத்தையும் வேகத்தையும் பெருக்கி வரும் எண், பெரியவர்களுக்கு 0.6-ஐயும் பிள்ளைகளுக்கு 0.4-ஐயும் தாண்டக்கூடாது. ஆக, அப்பா நிற்கலாம், பிள்ளை நிற்கக்கூடாது. கரையோர ஓடாத தண்ணீரில் எறிந்துவிட்டு 'மெதுவாகத்தான் ஓடுகிறது' என்பவர்கள் நிறைய. மூன்று முறை எறிந்து, மிக வேகமாகப் போனதையே கணக்கில் எடுக்கிறோம்.

மீட்புக் கயிற்றுப் பைகளைக் கூலி வாங்காமல் தைத்துக் கொடுத்த தையற்கடை அம்மாவுக்கு: பை அடியில் நீங்கள் வைத்த நுரைத்துண்டும் வலைத்துணியும் சரியான யோசனை. பை மிதக்கிறது, தண்ணீர் வடிகிறது. உள்ளே 20 மீட்டர் பாலிப்ரொப்பிலின் கயிறு. நைலான் தண்ணீரில் அமிழ்ந்து காலைச் சுற்றும் என்பதால் அது வேண்டாமென்று விட்டோம். கயிற்றை வளையமாகச் சுற்றி வைத்தால் எறியும்போது முடிச்சு விழுகிறது; கை கையாகத் திணித்தால் விழுவதில்லை. எறிபவர் கயிற்றைத் தம் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளவும் கூடாது, இழுப்பு வந்தால் அவரும் போய்விடுவார்.

கிளினிக் தாதி அக்காவின் துண்டுச்சீட்டை ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொடுக்கிறோம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் வரும். மழை விட்ட மறுநாள் ஆபத்து கூடுதல். புண் இருந்தால் இறங்கக்கூடாது. காய்ச்சல் இரண்டு நாளிலும் வரலாம், முப்பது நாள் கழித்தும் வரலாம். அதனால் போன தேதியைக் காலண்டரில் குறித்து, காய்ச்சலோ கெண்டைக்கால் வலியோ கண் சிவப்போ வந்தால் மருத்துவரிடம் 'ஆற்றில் குளித்தோம்' என்று முதலில் சொல்ல வேண்டும்.

ஈயம் தோண்டிய பழைய சுரங்கக் குட்டைகளில் தூண்டில் போடும் மாமாவுக்கும் நன்றி. ஏரி அசையாமல் கிடப்பதால் பாதுகாப்பு என்ற நினைப்பை நீங்கள்தான் உடைத்தீர்கள். கரை மணலாக இருக்கும், இரண்டாவது அடியில் தரையே இருக்காது. அடியில் சேறு காலைப் பிடிக்கும். மூன்று மீட்டர் மூங்கிலால் குத்திப் பார்த்து, ஓர் எட்டில் முழங்கால் ஆழம் இடுப்பாழமானால் அந்தக் கரையை விட்டுவிடுகிறோம். பச்சைச் சாயம் கொட்டியதுபோல் பாசி படிந்திருந்தால் கையும் நனைப்பதில்லை.

பாலத்துக்கடியில் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு நட்ட மரக்கோல் போன மழையில் சற்றுச் சாய்ந்திருக்கிறது. நிமிர்த்தும் வரை அதில் தெரியும் அளவை நம்ப வேண்டாம் என்று மேலாற்று அண்ணன்மாரைக் கேட்டுக்கொள்கிறோம். வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சுத்தியலோடு வருகிறோம்.

நன்றியுடன்,
ஆற்றுப் பொறுப்பாளர்கள்,
கோலாலம்பூர்