சிமெண்ட் பாயிண்டிங் வேண்டாம்

ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் மூடப்பட்ட கத்தோலிக்கப் பங்குப் பள்ளிகள் (ஆலயப் பங்குகள் நடத்திய பள்ளிகள்) குடியிருப்புகளாகவும் நூலகங்களாகவும் மாறிவருவது பற்றிய தங்கள் கட்டுரை கண்டேன். வரவேற்கத்தக்கதே. ஒவ்வொரு ஆலயத்தின் அருகிலும் இரண்டு ஆண்டுக்குள் பள்ளி எழும்ப வேண்டும் என 1884இல் அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய பால்டிமோர் மூன்றாம் பொதுச்சங்கம் விதித்ததை ஒட்டி எழுந்தவை இவற்றில் பல. ஆனால், பழைய செங்கல் சுவர்களுக்குச் சிமெண்ட் பாயிண்டிங் செய்வதை, அதாவது செங்கற்களின் இடைவெளிகளில் சிமெண்ட் கலவை நிரப்புவதை, 'வலுவூட்டல்' என்று கட்டுரை குறிப்பிடுவது சரியன்று. அக்காலச் செங்கல் மென்மையானது. செங்கற்களை இணைக்கும் சுண்ணாம்புக் காரை அதைவிடவும் மென்மையானது. சுவர் உறிஞ்சிய ஈரம் பெரும்பாலும் காரை வழியாகவே வெளியேறும். அவ்வழியைச் சிமெண்ட் அடைத்துவிட்டால் ஈரமும் உப்பும் செங்கலுக்குள் தங்கும்; குளிரில் உறைந்து விரியும். இப்படிப் பூசிய சுவர்களில் நேரில் கண்டது இது: சிமெண்ட் கோடு அப்படியே நிற்க, அதன் இருபுறமும் செங்கலின் முகம் செதில் செதிலாக உதிர்ந்துகிடக்கும். பழி என்னவோ செங்கலின் மேல்தான்!

ஆகவே பழைய காரையை, செங்கற்களுக்கு இடையிலான இணைப்பின் அகலத்தைப்போல் குறைந்தது இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழத்துக்கு, மின்சார வெட்டுக் கருவியான கிரைண்டர் தவிர்த்துக் கைஉளியால் எடுக்க வேண்டும். பிறகு சுவரை நனைத்து, பழைய காரையின் மாதிரியைச் சோதித்து அதற்கு ஈடான சுண்ணாம்புக் கலவையை (பெரும்பாலும் சுண்ணாம்பு 1, மணல் 3 என்ற அளவு ஒத்துவரும்) அடுக்கடுக்காக அழுத்தி நிரப்பி, சில நாள் ஈரச்சாக்கால் மூடிவைக்க வேண்டும். ஒப்பந்தப் புள்ளி கோரும்போதே இக்கலவையையும் ஒரு மாதிரிச் சுவர்ப் பகுதியையும் நிபந்தனையாக்கலாம்.