கேட்டைத் திறந்து விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொஞ்ச நாளாக வாசகர் கடிதப் பகுதியில் தெரு நாய்களைப் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு போங்கள் என்று சிலர், பாவம், வாயில்லாத ஜீவன், விட்டுவிடுங்கள் என்று சிலர். நான் காலையிலும் ராத்திரியிலும் என் நாயைக் கூட்டிக்கொண்டு நாராயணபுரம் தெருக்களில் நடக்கிறவள். ஆறு வருடமாக நடக்கிறேன். இத்தனை வருடத்தில் ரத்தம் வந்த சண்டை ஒன்றே ஒன்றுதான், அதை ஆரம்பித்தது தெரு நாய் இல்லை. காலையில் கேட்டைத் திறந்து வெளியே விட்ட வீட்டு நாய். இதைப் பற்றி யாருமே எழுதுவதில்லை, அதனால்தான் நான் எழுதுகிறேன்.

என் நாயின் பெயர் செவலை. புது நத்தம் ரோட்டில் பாலம் வேலை நடந்த காலத்தில் தூணுக்குத் தோண்டிப் போட்ட மண்மேட்டில் கண் திறந்தும் திறக்காமலும் கிடந்த குட்டி. நாட்டு நாய்தான். தானாக வம்புக்குப் போகாது, வந்தால் விடாது.

போன மார்கழியில் ஒருநாள், விடிகாலை ஐந்தே முக்கால் இருக்கும். வாசல் தெளிக்க வருகிறவர்கள் கேட்டைத் திறக்கும்போதே வீட்டு நாயையும் வெளியே விட்டுவிடுவது எங்கள் பகுதியில் வழக்கமாகிவிட்டது. கூட்டிக்கொண்டு போக ஆளில்லை, அதுவே போய் எங்கேயாவது இருந்துவிட்டு வந்துவிடும் என்று ஒரு நினைப்பு. அப்படி விட்ட ஒரு லேப்ரடார், நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த முப்பது கிலோ உடம்பு, எங்களைப் பார்த்ததும் நேராக ஓடி வந்தது. நேராக என்பதைக் கவனியுங்கள், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். நான் பயந்துபோய் செயினைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்துப் பிடித்தேன். செவலையின் முன்னங்கால் தரையை விட்டுத் தூக்கிவிட்டது. அந்த வீட்டு அம்மா கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்றபடியே, "ஒண்ணும் செய்யாதுக்கா, சும்மா விளையாடத்தான் வரும்" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் இரண்டும் கட்டிப் புரண்டுவிட்டன. செயின் கையை அறுக்க, நானும் கீழே விழுந்து, செவலையின் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுக்கப் போனேன். எந்த நாய் கடித்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கட்டை விரலுக்குக் கீழே சதையில் இரண்டு பல் இறங்கியிருந்தது. செவலைக்கு இடது காது நுனி கிழிந்துவிட்டது. எதிர் வீட்டுப் பையன் ஓடி வந்து ஒரு வாளித் தண்ணீரை இரண்டின் முகத்திலும் வீசி அடித்த பிறகுதான் விலகின.

எனக்குக் கோபம் வந்தது அந்த நாயின் மேல் இல்லை. "ஊசி போட்டிருக்கீங்களா?" என்று கேட்டேன். அந்த அம்மாவும் அவர் வீட்டுக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். குட்டியாக வாங்கி வந்தபோது போட்டதாக ஞாபகம் என்றார்கள். நாய்க்கு மூன்று மாதத்தில் ஒரு ரேபிஸ் ஊசி, அப்புறம் ஒரு பூஸ்டர், அதன் பிறகு வருடா வருடம் போட வேண்டும். இது தெரியாதவர்கள் முப்பது கிலோ நாயைத் தெருவில் விடுகிறார்கள். வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்து விட்டு, சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பதினைந்து நிமிடம் கழுவினேன். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்கவில்லை. அப்புறம் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்கிற, ரேபிஸ் கிருமியை உடனே தடுக்கும் மருந்து, கையில் தோலுக்குள் தடுப்பூசி, அன்றைக்கு ஒன்று, பிறகு 3, 7, 28 ஆம் நாட்களில். வருடம் தவறாமல் ஊசி போட்ட நாய் என்றாலும் செவலைக்கும் கால்நடை டாக்டர் மறுபடி ஊசி போட்டார். ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் காப்பாற்ற வழியே இல்லை என்று சொல்லிவிடலாம், ஆகவே இதில் "பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சே கூடாது.

இப்போது தெரு நாய்க் கதைக்கு வருகிறேன். எங்கள் தெரு முனையில் பாலத்துக்குக் கீழே, தூண் நிழலில், ஒரு கூட்டம் இருக்கிறது. அதற்குப் பெரிய மனுஷி ஒரு கறுப்புப் பெட்டை, மூக்கெல்லாம் நரைத்துவிட்டது. நாங்கள் வருவதைப் பார்த்ததும் எழுந்து நிற்கும். ஆனால் நேராக வராது. கொஞ்சம் வளைந்து, பக்கவாட்டில் உடம்பைக் காட்டிக்கொண்டு, நடுவில் ஒருமுறை நின்று தரையை முகர்ந்து, முகத்தை வேறு பக்கம் திருப்பி, அப்புறம்தான் பக்கத்தில் வரும். செவலையும் அதே மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பின்பக்கம் முகர்ந்து பார்ப்பது இரண்டு மூன்று நொடி. "சரி, போ" என்கிற மாதிரி அது திரும்பிப் போய்ப் படுத்துவிடும். மற்றவை எழுந்திருக்கவே செய்யாது. பத்து நாயோடு தெருவில் பிழைத்துக் கிடந்த நாய்க்கு இந்த மரியாதை தெரியும், சண்டை போட்டுக் காயம் பட்டால் சோறு கிடைக்காது என்பது அதற்கு அனுபவம். கேட்டுக்குள்ளேயே வளர்ந்து, கம்பி வழியாக ஊரைப் பார்த்துக் குரைத்தே வயதான நாய்க்கு இது எங்கே தெரியும்? அது நேராகப் பாய்ந்து வரும். விளையாடத்தான் வந்திருக்கும், நான் மறுக்கவில்லை, ஆனால் எதிரில் நிற்கும் நாய்க்கு அது அடிக்க வருகிற மாதிரிதான் தெரியும்.

அந்தக் கறுப்பி ஒருமுறை பத்து நாளுக்கு மேல் காணாமல் போனது. கருத்தடைக்குப் பிடித்துப் போயிருந்தார்கள். அந்த நாட்களில் பக்கத்துத் தெருவிலிருந்து இரண்டு இளவட்ட நாய்கள் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, போகிற வருகிற பைக்கை எல்லாம் துரத்தின, எங்களையும் இரண்டு நாள் விடவில்லை. கறுப்பி, கருத்தடை முடிந்ததற்கு அடையாளமாகக் காது நுனியில் ஒரு வெட்டோடு திரும்பி வந்து இறங்கிய பிறகுதான் எல்லாம் அடங்கியது. அதைப் பார்த்து, "பிடிச்சிட்டுப் போனதை மறுபடி ஏன் இங்கேயே விடுறாங்க" என்று எங்கள் தெருவில் சண்டைக்கே போனார்கள். 2023 ஆம் ஆண்டு வந்த விலங்கு கருத்தடை விதிகள் அப்படித்தான் சொல்கின்றன, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22 அன்று, ரேபிஸ் உள்ளதையும் மூர்க்கமாக இருப்பதையும் தவிர மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து அதே இடத்தில் விடச் சொன்னது. சட்டத்துக்காக மட்டும் இதை நான் ஆதரிக்கவில்லை. காலி இடத்துக்குப் புது நாய் வரும் என்பதை என் கண்ணால் பார்த்ததால் சொல்கிறேன்.

அதற்காகத் தெரு நாயால் தொல்லையே இல்லை என்று சொல்ல மாட்டேன். குட்டி போட்ட தாய் நாய் படுத்திருக்கும் சந்துக்குள் நான் ஒரு மாதத்துக்கு மேல் போவதே இல்லை, சுற்றிப் போகிறேன். மழைக்காலம் தொடங்கி மார்கழி வரைக்கும் பெட்டைக்குப் பின்னால் ஏழெட்டு ஆண் நாய்கள் அலையும், அந்தக் கூட்டத்துக்குப் பக்கத்தில் போகவே கூடாது. நீங்கள் வளர்ப்பது கருத்தடை செய்யாத பெட்டை என்றால், பருவத்துக்கு வந்திருக்கும் அந்த மூன்று வாரமும் தெருவில் நடத்திக்கொண்டு போகாதீர்கள். ராத்திரி புரோட்டாக் கடை அடைக்கும் நேரம் இன்னொன்று. மிச்சம் மீதியை எலும்போடு ஓரமாகக் கொட்டுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை கோழிக்கடைக் கழிவும் அப்படித்தான். சாப்பாட்டு இடத்தில் எந்த நாயும் தன் சுபாவத்தில் இருக்காது. மூடி போட்ட தொட்டியில் போட்டால் பாதிச் சண்டை குறையும், கடைக்காரர்கள் கொஞ்சம் மனசு வைக்க வேண்டும்.

அந்தச் சண்டைக்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டதைச் சொல்கிறேன், என்னைப் போல நடக்கிறவர்களுக்கு உதவும். முதலில் செயின். இப்போது அதைக் கையில் சுற்றுவதே இல்லை, பிடியை மட்டும் பிடித்துக்கொள்கிறேன். எட்ட நீளமாகவும் விடுவதில்லை, ஆனால் இறுக்குவதும் இல்லை. நாம் இறுக்கினால் நம் பயம் செயின் வழியாக நாய்க்குப் போய்விடுகிறது, அதோடு கழுத்தைத் தூக்கி நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற மாதிரி ஆகிவிடுவதால் எதிர் நாய்க்கும் அது சவாலாகத் தெரிகிறது. தூரத்தில் ஒரு நாயைப் பார்த்த உடனேயே எதிர் ஓரத்துக்கு மாறிவிடுகிறேன், வளைந்து, அவசரப்படாமல். ஓடக் கூடாது. உற்றுப் பார்க்கவும் கூடாது. வால் ஆடினால் நட்பு என்று நினைப்பது தப்பு. வால் விறைத்து மேலே நின்று நுனி மட்டும் ஆடினால், வாய் மூடியிருந்தால், முதுகு மயிர் சிலிர்த்திருந்தால், அது நட்பு இல்லை. உடம்பு மொத்தமும் தளர்ந்து, இடுப்போடு சேர்ந்து வால் ஆடினால் பயமில்லை.

குரைத்துக்கொண்டு வருகிற நாய் பெரும்பாலும் தன் எல்லை வரைக்கும்தான் வரும். எங்கள் பகுதியில் ஒரு டிரான்ஸ்பார்மர், ஒரு பால் பூத், ஒரு வேப்பமரம், இவைதான் எல்லைக்கல். அதைத் தாண்டிவிட்டால் அதுவே நின்றுவிடும். ஆகவே செவலையை எனக்குப் பின்னால் விட்டு, நான் நடுவில் நின்று, "போ" என்று ஒரே ஒரு தடவை கனத்த குரலில் சொல்லிவிட்டு, மெதுவாக எல்லை பார்த்து நகர்கிறேன். கத்தினால் நாமும் சேர்ந்து குரைக்கிறோம் என்றுதான் அதற்குத் தோன்றும். கல் எடுப்பது போலக் குனிந்தாலே பல நாய்கள் விலகிவிடும், ஆனால் எறியாதீர்கள், எறிந்த தெருவில் நாளைக்கும் நீங்கள்தான் நடக்க வேண்டும். நான் பட்டன் குடை ஒன்று வைத்திருக்கிறேன், எங்கள் அப்பாவுடையது. பாய்ந்து வரும் நாயின் முன்னால் அது படக்கென்று விரிந்தால் திகைத்து நின்றுவிடும், நமக்கும் நாய்க்கும் நடுவில் ஒரு சுவர் மாதிரியும் ஆகிவிடும். விரிகிற சத்தத்துக்கு நம் நாய் மிரளாமல் இருக்க வீட்டுக்குள்ளேயே சில நாள் விரித்துக் காட்டிப் பழக்க வேண்டும், செவலைக்கு ஒரு வாரம் ஆனது. இடுப்புப் பையில் கொஞ்சம் பிஸ்கட்டும் இருக்கும். கையில் நீட்டக் கூடாது, அந்த நாய்க்குப் பின்னால் விழுகிற மாதிரி இறைக்க வேண்டும். அது தரையில் தேடுகிற நேரம் நமக்குப் போதும். ஒரே நாய் என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள், கூட்டத்துக்கு நடுவில் போட்டால் அதுவே சண்டையாகிவிடும்.

சின்ன நாய் வைத்திருப்பவர்கள் பயத்தில் அதை வாரித் தூக்கிவிடுகிறார்கள். அப்புறம் எதிர் நாய் அதை எட்டிப் பிடிக்க உங்கள் மேலேயே தாவும். வேறு வழியில்லாமல் தூக்கினால் முதுகைத் திருப்பி, சுவரோரமாக அசையாமல் நில்லுங்கள். சண்டை மூண்டுவிட்டால் கழுத்துப் பக்கம் கையே போகக் கூடாது, நான் பட்டது போதும். இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கொரு நாயின் பின்னங்கால் இரண்டையும் பிடித்து, தள்ளுவண்டி மாதிரி ஒரே நேரத்தில் பின்னால் இழுக்கலாம். தனியாக இருந்தால் தண்ணீர்தான்.

கேட்டைத் திறந்து விடுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் நாயைத் தினமும் இருபது நிமிடம் செயினில் கூட்டிக்கொண்டு போங்கள். முடியாவிட்டால் உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். பாரதிய நியாய சன்ஹிதா என்கிற குற்றவியல் சட்டத்தின் 291 ஆம் பிரிவு, தன்னிடம் உள்ள விலங்கால் அடுத்தவர் உயிருக்கு ஆபத்தோ பலத்த காயமோ வராதபடி போதிய கவனம் எடுக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. நான் போலீசுக்குப் போகவில்லை. பக்கத்துத் தெருக்காரர்கள், தினமும் முகம் பார்க்கிறவர்கள். அந்த வீட்டுக்காரர் மறுவாரம் நாய்க்கு ஊசி போட்டுச் சீட்டைக் கொண்டு வந்து காட்டினார், கேட்டுக்கு உள்கொக்கியும் போட்டிருக்கிறார். ஆனால் அதே தெருவில் இன்னும் மூன்று கேட் காலையில் திறந்துதான் கிடக்கிறது.

மாநகராட்சிக்கு ஒரு வேண்டுகோள். கருத்தடைக்கு நாய்களைப் பிடிக்கப் போகும் தெருவில் முதல் நாளே ஒரு அறிவிப்பு ஒட்டி, எப்போது திருப்பி விடுவார்கள், காதில் வெட்டு எதற்கு என்று இரண்டு வரி எழுதினால் பாதித் தகராறு இருக்காது. உங்கள் பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள். அனுபவமுள்ள கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கேட்டு, நாய்ச் சண்டையைப் பிரிப்பது எப்படி, கடி பட்டால் முதல் அரை மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதைப் படத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியிடுங்கள். வெட்டி எடுத்துப் பால் பூத் சுவரில் ஒட்டும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செவலையை வளர்க்கும் வாசகி,
நாராயணபுரம், மதுரை