வரைபடத்திலிருந்து என் வீட்டையும் எடுத்துவிடுங்கள்

நம் விளக்குக் குழுவின் நிர்வாகிகளுக்கும், கராஜ் கூட்டங்களில் என்னோடு உட்கார்ந்து கம்பி உரித்த நண்பர்களுக்கும்,

வணக்கம். கிறிஸ்துமஸுக்கு வீடு முழுக்கப் பாட்டுக்கேற்ப விளக்கு ஆடவிடும் நம் குழுவிலிருந்து இந்த வருடத்தோடு விலகிக்கொள்கிறேன். நிர்வாகிகளுக்கு ஆங்கிலத்தில் இரண்டு வரி ஏற்கெனவே அனுப்பிவிட்டேன். ஆனால் டாலஸுக்கு வடக்கே இருக்கும் நம் குழுவில் இப்போது நம் ஆட்களே நிறையப் பேர். தீபாவளிக்குக் கட்டிய சரவிளக்கை ஜனவரி வரை கழற்றாமல் விட்டு, அப்படியே இந்தப் பைத்தியத்துக்குள் வந்து விழுந்தவர்கள். நான் ஏன் போகிறேன் என்பதை அவர்கள் வேறு யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது.

காரணம் ஒன்றுதான். விளக்கு பார்க்க வருகிறவர்களுக்காக டிசம்பரில் நாம் வெளியிடும் வரைபடத்தில் இனிமேல் 5,000 பிக்சலுக்கு (தனித்தனியாக நிறம் மாற்றக்கூடிய குட்டி எல்இடி விளக்கு) குறைவான வீடுகள் இடம்பெறாது என்று போன கூட்டத்தில் முடிவெடுத்தீர்கள். கை தூக்கச் சொன்னதும் பெரும்பாலானவர்கள் தூக்கினார்கள். விவாதம் என்று ஒன்று நடக்கவே இல்லை. பீட்சா ஆறிப்போகிறது என்று யாரோ அவசரப்படுத்தினார்கள், அவ்வளவுதான்.

இந்த விதியை வைத்துக்கொண்டு கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். 1882 டிசம்பரில் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் நியூயார்க்கில் தன் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தில் மின்விளக்கு போட்டார். சிவப்பு, வெள்ளை, நீலம், எல்லாம் சேர்த்து 80 பல்பு. நம் வரைபடத்தில் அவருக்கு இடமில்லை. சரி, அது ஆதிகாலக் கதை என்பீர்கள். 2005இல் ஊரெல்லாம் பேசவைத்த ஒஹாயோ மாநிலம் மேசன் நகரத்துக் கார்சன் வில்லியம்ஸ்? பாட்டுக்கேற்ப வீடு முழுக்க விளக்கு ஆடும் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் நம்மில் மூத்தவர்கள் பலர் ஏணியைத் தூக்கினார்கள். அவரிடம் இருந்தது 88 சேனல், அதாவது தனித்தனியாக ஏற்றி அணைக்கக்கூடிய 88 இணைப்பு. இன்று ஒரே ஒரு பிக்சலுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல் வேண்டும். அந்தக் கணக்கில் அவருடைய மொத்த வீடும் 30 பிக்சலுக்குக்கூடத் தேறாது. அவரையும் வெளியே நிறுத்துங்கள்.

இவர்களை விடுங்கள். நம் பெரியவரையும் வெளியே நிறுத்திவிட்டோமே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அந்த முட்டுச்சந்தில் கடைசி வீடு. ஒரே ஒரு 16 சேனல் லைட்-ஓ-ராமா கன்ட்ரோலர் பெட்டி, கூரை விளிம்பு நெடுக ஏழு வாட் சி9 என்ற பெரிய பல்பு, புதர்களின்மேல் பழைய மினி சரங்கள். எல்லாம் இழை பல்பு. மின்சாரச் செலவு அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் மெதுவான பாட்டு ஓடும்போது அந்த வீட்டின் முன்னால் நின்று பாருங்கள். கரண்ட் நின்ற பிறகும் இழை ஒரு கணம் சிவந்து கிடந்து, அப்புறம்தான் அணைகிறது. எல்இடி பொட்டென்று அணைந்துவிடும். அந்த இழுவையைக் கொண்டுவர விளக்கைப் பாட்டோடு இணைக்கும் எக்ஸ்லைட்ஸ் மென்பொருளில் விதவிதமாக ஃபேட் போட்டு, மெல்ல மங்கவைத்துப் பார்த்திருக்கிறேன். கிட்டத்தட்ட வருகிறது, அதே மாதிரி வரவில்லை.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். நம் வீடுகளுக்கு முன்னால் வருகிறவர்கள் காரைவிட்டு இறங்குவதில்லை. பாட்டை எஃப்எம்மில் விடுகிறோம், அவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஹீட்டர் போட்டு உள்ளேயே உட்கார்ந்து கேட்கிறார்கள். லைசன்ஸ் இல்லாத டிரான்ஸ்மிட்டருக்கு அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி அனுமதிப்பது ஏறக்குறைய 200 அடி தூரம்தான். எனவே எல்லாக் காரும் அந்த 200 அடிக்குள் முட்டிக்கொண்டு நிற்கிறது; பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டுக்குள் போக முடியாமல் ஹாரன் அடிக்கிறார். கார்சன் வில்லியம்ஸே கடைசியில் விளக்கை நிறுத்தியது எதனால்? பக்கத்தில் ஒரு விபத்து, கார் வரிசையைத் தாண்டிப் போலீஸ் வர முடியவில்லை. பெரியவர் வீட்டில் எஃப்எம் கிடையாது. முன்வாசலில் ஒரு ஸ்பீக்கர், அதுவும் சத்தம் குறைவு. கேட்க வேண்டுமானால் இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கியவர்கள் நடைபாதையில் நின்று அவரோடு பேசுகிறார்கள், பிள்ளைகள் ஓடுகிறார்கள். உணவு வங்கிக்காக நாம் வைக்கும் பெட்டிகளில் ஒவ்வொரு வருடமும் முதலில் நிரம்புவது அவருடையதுதான். இந்த விஷயம் கூட்டத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

பிக்சலை எண்ணுவது எனக்குப் புரியாமல் இல்லை. என் வீட்டிலும் விதியைத் தாண்டும் அளவுக்கு இருக்கிறது. ஆனால் அத்தனையையும் வாங்கிக் கட்டிவிட்டு நாம் ஓட்டுவது 30 சதவீத வெளிச்சத்தில்தானே? முழு வெள்ளையில் விட்டால் பார்ப்பவர்கள் கண் கூசும், பவர் சப்ளையும் தாங்காது. தெருவில் நிற்கிறவருக்கு 5,000க்கும் 12,000க்கும் பெரிய வித்தியாசம் தெரியப்போவதில்லை. எந்த இடத்தில் வீடு சட்டென்று இருட்டாகிறது, எந்தத் தாளத்துக்கு ஒரே ஒரு விளக்கு வளைவு மட்டும் எரிகிறது, அதெல்லாம் நன்றாகவே தெரியும். அதற்கு எண்ணிக்கை போதாது, உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். நாமோ எந்த விளக்கு எப்போது எரிய வேண்டும் என்று சொல்லும் சீக்வென்ஸையும் காசு கொடுத்து வாங்கிவிடுகிறோம். போன வருடம் ஒரே ராத்திரியில் அடுத்தடுத்த மூன்று வீடுகளில் அதே பாட்டு, அதே சுழல், அதே பச்சை மின்னல். மூன்றும் வரைபடத்தில் இருந்தன. இனியும் இருக்கும்.

புதிதாக வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் வந்த புதிதில் என் சரத்தின் கடைசி விளக்குகள் வெள்ளைக்குப் பதிலாகச் செம்மஞ்சளாக எரிந்தன. போகப்போக வோல்டேஜ் குறைகிறது, நீலமும் பச்சையும்தான் முதலில் மங்கும், அதனால் சிவப்பு மிஞ்சுகிறது, நடுவில் தனிக் கம்பி இழுத்துக் கரண்ட் கொடு என்று டெக்சஸ் ஜூலை வெயிலில், மின்விசிறிகூட இல்லாத கராஜில், பக்கத்தில் நின்று சொல்லித்தந்தது அதே பெரியவர். அவரிடம் ஒரு பிக்சல்கூட இல்லை. ஓய்வுபெற்ற எலக்ட்ரீசியன், அதனால் விஷயம் தெரியும். இப்போது யாராவது அப்படி ஒரு கேள்வியோடு வந்தால், இந்த கம்பெனி கிட் வாங்கிக்கோ என்று ஒரு லிங்க் அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம்.

அன்று கூட்டம் முடிந்து பார்க்கிங்கில் அவர் என்னிடம் வந்தார். கோபப்படவில்லை. 5,000 பிக்சல், கன்ட்ரோலர், பவர் சப்ளை எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும் என்று மட்டும் கேட்டார். சில ஆயிரம் டாலர் ஆகும் என்றேன். தவணையில் கிடைக்குமா என்றார். பென்ஷனில் வாழ்கிற மனிதர். அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு அடுத்த கூட்டத்துக்கு வந்து உங்களோடு உட்கார என்னால் முடியாது.

விதியை எடுத்துவிட்டால் திரும்பி வருவாயா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். எடுங்கள், முதலில் அவரிடம் போய்ச் சொல்லுங்கள். என் விஷயத்தை அப்புறம் பேசலாம். அதுவரை என் வீட்டையும் வரைபடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். விளக்கு எப்போதும்போல் எரியும், வழி தெரிந்தவர்கள் வரட்டும்.

குழுவுக்குச் சொந்தமானவை என் கராஜில் கொஞ்சம் இருக்கின்றன: கிரிம்பிங் கருவி, பிக்சல் டெஸ்டர், 350 வாட் பவர் சப்ளை இரண்டு, வளைவு செய்ய வெட்டிய பிவிசி குழாய்கள். குழாய் நீளம், செடான் கார் ஆகாது, டிரக் வைத்திருக்கும் யாராவது வாருங்கள். பவர் சப்ளைகளில் ஒன்றின் மின்விசிறி கிறீச்சிடுகிறது. அதை மாற்றாமல் பயன்படுத்தாதீர்கள்.

புதிதாகச் சேர்ந்த நண்பர் ஒருவருக்கு கன்ட்ரோலரின் மூன்றாவது போர்ட்டில் முதல் பிக்சலோடு எல்லாம் நின்றுபோகிறது. இரண்டாவது பிக்சலைத்தான் சந்தேகப்படுகிறேன், டேட்டா அங்கேதான் அறுபடுகிறது போலிருக்கிறது. சனிக்கிழமை வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தேன். குழுவில் இல்லை என்பதற்காக அது மாறவில்லை தம்பி, பத்து மணிக்கு வருகிறேன். சால்டரிங் இரும்பை மட்டும் எடுத்து வை.

அன்புடன்,
உங்கள் பழைய உறுப்பினர்