எட்டாவது பாட்டிலிருந்து கேள்

கும்பகோணம்

அன்புள்ள நிலா,

ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனில் சொன்னது மனதிலேயே நிற்கிறது. நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஃபிஷ் ராக் குழுவின் கச்சேரி கேட்டுவிட்டு வந்த ஜோரில், அவர்களுடைய பழைய ஆல்பங்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டிருக்கிறாய். "அப்பா, நீங்கள் உயிரை விடுகிற பில்லி ப்ரீத்ஸில் ஒன்றுமே இல்லையே, பாதிக்கு மேல் தூக்கம் வருகிறது" என்றாய். நான் அப்போது சரியாகப் பதில் சொல்லவில்லை. ஃபோனில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பில்லி ப்ரீத்ஸுக்கு முந்தைய வருடம், 1995-இல், ‘எ லைவ் ஒன்’ என்று இரண்டு டிஸ்க் கொண்ட நேரடிக் கச்சேரி ஆல்பம் போட்டிருந்தார்கள். அதில் ‘ட்வீஸர்’ ஒரு பாட்டே அரை மணிக்கு மேல் ஓடும். அதைக் கேட்டுவிட்டு இதற்கு வந்தால் 13 பாட்டு, மொத்தம் 47 நிமிடம். எதுவும் ஏழு நிமிடத்தைத் தொடவில்லை. மேடையில் ஒரு பாட்டுக்குள் நுழைந்து எங்கெங்கோ போய்த் திரும்புகிற ஆட்கள், இதில் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போவதுபோல இருக்கும். 1996 அக்டோபரில் அது வெளிவந்த வாரமே, நாங்கள் அப்போது இருந்த வெர்மான்ட் மாநிலத்துப் பர்லிங்டனில், சர்ச் தெருவில் வாங்கி, காரில் போட்டுக் கேட்டபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நான் அவர்களிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. எசெக்ஸ் ஜங்ஷன் கம்ப்யூட்டர் சிப் ஆலையில் என் பக்கத்து மேஜைக்காரர் ஃபிஷ் பைத்தியம். அந்த நால்வரும் 1980-களில் அதே பர்லிங்டனில் கல்லூரிப் பையன்களாக ஆரம்பித்தவர்கள், உள்ளூர்ப் பெருமை அவருக்கு. கச்சேரியை ரசிகர்கள் பதிவு செய்துகொள்ள அவர்களே அனுமதி கொடுத்திருந்தார்கள். அரங்கின் பின்பக்கம் மைக் கம்பங்கள் நாணல் காடு மாதிரி நிற்கும். அந்தப் பதிவைக் காசுக்கு விற்கக் கூடாது. வெற்று கேசட்டும் தபால்தலையும் அனுப்பினால் முன்பின் தெரியாதவர்கூடப் பிரதி எடுத்து அனுப்புவார். நம் ஊர் சபாக்களில் மடியில் டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாமாக்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் இந்த ஏற்பாடு எனக்கு உடனே பிடித்துப்போனது. 90 நிமிட மேக்ஸெல் கேசட்டுகள் ஒரு ஷூ டப்பா நிறையச் சேர்ந்தன.

1996 ஆகஸ்ட் 16, வெள்ளிக்கிழமை. சாம்ப்ளெயின் ஏரிக்கு அக்கரையில், பிளாட்ஸ்பர்க்கில் மூடிவிட்ட விமானப்படைத் தளத்தில் ‘கிளிஃபர்ட் பால்’ என்று இரண்டு நாள் விழா. 70,000 பேர் இருக்கும். அம்மாவுக்கு அப்போது ஆறாம் மாதம். பக்கத்து வீட்டில் சொல்லிவைத்துவிட்டு அந்த ஒரு இரவுக்கு மட்டும் நண்பரோடு போனேன். மூன்று சுற்று வாசித்து முடித்தார்கள். வாணவேடிக்கை, கூச்சல் எல்லாம் அடங்கிக் கூடாரத்தில் படுத்தாயிற்று. மூன்றரை மணி இருக்கும், எங்கோ கிடார் கேட்டது. யாரோ கேசட் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். சத்தம் நகர்ந்தது. எழுந்து வெளியே வந்தால், திறந்த லாரி ஒன்று கூடாரங்களுக்கு நடுவே ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து வருகிறது. மேலே அந்த நால்வரும் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். பாட்டு இல்லை, வார்த்தை இல்லை. மெதுவாக, ஒருவரை ஒருவர் கேட்டுக் கேட்டு வாசித்தார்கள். தூக்கக் கலக்கத்தில் ஜனங்கள் போர்வையோடு பின்னால் நடந்தார்கள்.

எனக்கு அப்போது நம் ஊர் வைகாசி உற்சவம்தான் ஞாபகம் வந்தது. திண்ணையில் படுத்திருப்போம். சுவாமி கீழவீதியில் வரும்போதே நாதஸ்வரம் காற்றில் விட்டுவிட்டுக் கேட்கும். நம் தெருவுக்கு வந்ததும் தவில் நெஞ்சில் இடிக்கும். அப்புறம் முனை திரும்பிவிடும். ராகம் முடிந்திருக்காது. அடுத்த தெருக்காரர்களுக்காக அவர் வாசித்துக்கொண்டே போவார். நமக்குக் கிடைத்தது நடுவில் ஒரு துண்டு. ஆனால் அந்தத் துண்டை வைத்துக்கொண்டே முழுசையும் மனது வாசித்துக்கொள்ளும்.

பில்லி ப்ரீத்ஸ் எனக்கு அந்த லாரி மாதிரி. ஒவ்வொரு பாட்டும் நம் வாசலைக் கடக்கிற நேரம் மட்டும்தான் கேட்கிறது.

இது தானாக வந்த சுருக்கம் இல்லை. நியூயார்க் மாநிலத்தில் உட்ஸ்டாக் பக்கம் பேர்ஸ்வில் ஸ்டுடியோவில் அதைப் பதிவு செய்தார்கள். முதலில் தயாரிப்பாளர் யாரும் இல்லாமல் தாங்களாகவே ஆரம்பித்தபோது ஒரு பயிற்சி வைத்துக்கொண்டார்கள்: ஒருவர் ஒரே ஒரு ஸ்வரம் பதிய வேண்டும், அடுத்தவர் அதைக் கேட்டுவிட்டுத் தன் பங்குக்கு ஒன்று. இப்படி முறை வைத்து அடுக்கியதற்கு ‘பிளாப்’ என்று பெயரும் வைத்தார்கள். மணிக்கணக்கில் வாசித்துப் பழகிய கைகள் ஒரு ஸ்வரத்தோடு நிறுத்திக்கொண்டு, அடுத்தவருக்காகக் காத்திருப்பதை நினைத்துப் பார். பாதியில் ஸ்டீவ் லில்லிவைட் தயாரிப்பாளராக வந்து சேர்ந்தார். யு2 குழுவின் ஆல்பங்கள் செய்த அதே ஆள். அவர் வந்ததற்கு அடையாளம் அந்தச் சத்தத்தின் தெளிவு. கிடார் கம்பியில் விரல் நகர்கிற உரசல்கூடக் காதுக்குப் பக்கத்தில் கேட்கிறது.

ஒரு மணி நேரம் தோடி பாடக்கூடிய வித்வான் கடைசியில் ஒரு துக்கடா பாடுவார் இல்லையா, அதில் எதையும் விரிக்கமாட்டார். ஆனால் விரிக்கத் தெரிந்தவர் விரிக்காமல் விடுகிறார் என்பது ஒவ்வொரு சங்கதியிலும் தெரியும். அதே திருப்தி எனக்கு இதில் கிடைக்கிறது.

எல்லாப் பாட்டையும் நான் தூக்கிப் பிடிக்கவில்லை. ‘கேரக்டர் ஸீரோ’ நீ மேடையில் கேட்டதில் பாதிகூட இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ‘டாக்’ எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை. ‘ஃப்ரீ’ நல்ல ஆரம்பம், ஆனால் மைக் கார்டனின் பேஸ் கிடார் இன்னும் கொஞ்சம் நடந்திருக்கலாம். ‘டேஸ்ட்’ மட்டும் தனியாகக் கேள். ஜான் ஃபிஷ்மனின் டிரம்ஸ் ஒரு கணக்கில் போகும், பேஜ் மெக்கானலின் பியானோ வேறு கணக்கில் உருளும், குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். நாலு நிமிடச் சொச்சத்தில் அவ்வளவும் நடக்கிறது. அதில் உனக்குத் தூக்கம் வந்திருக்க நியாயமில்லை.

நீ தூங்கியது எட்டாவது பாட்டுக்கு அப்புறம்தான் என்று நினைக்கிறேன். எனக்கு ஆல்பம் ஆரம்பிப்பதே அங்கேதான்.

நீ நவம்பரில் பிறந்தாய். பர்லிங்டனில் அந்தக் குளிரில் ஜன்னல் ஓரமெல்லாம் பனி பூத்திருக்கும். ஹீட்டர் விட்டுவிட்டுக் கரகரக்கும். இரவு இரண்டாம் ஜாமம் என் முறை, அம்மா தூங்க வேண்டும் என்பதால். உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலில் நடப்பேன். விளக்குப் போட்டால் அழுவாய். ஒரு நாள் அந்த ஆல்பத்தை எட்டாவதிலிருந்து மிகச் சின்னச் சத்தத்தில் வைத்தேன். ‘ட்ரெயின் ஸாங்’, மைக் கார்டனின் மென்மையான பாட்டு. பிறகு ‘ப்ளிஸ்’, ட்ரே அனஸ்டாசியோ தனியாக வாசிக்கிற அகூஸ்டிக் கிடார், இரண்டு நிமிடம். அதற்குள் உன் தலை என் கழுத்துப் பக்கம் கனமாகிவிடும். அடுத்து ‘பில்லி ப்ரீத்ஸ்’. அது ட்ரே அப்போது கைக்குழந்தையாக இருந்த தன் மகளை நினைத்து எழுதிய பாட்டு. நான் முதலில் கேட்டபோது அது எனக்குத் தெரியாது. நண்பர் சொன்ன பிறகு ஒருமுறை போட்டுவிட்டு, உன் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். தினமும்தான் வைத்துப் பார்ப்பேன். மூச்சு வருகிறதா என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது பார்க்காத அப்பா யார்? அன்றைக்கு அந்தச் சின்னச் சூடு விரலில் பட்டபோதே பாட்டின் கடைசியில் கிடார் மேலே எழுந்தது. மேடையாக இருந்தால் அதைப் பத்து நிமிடம் இழுப்பார். இங்கே போதும் என்று நிறுத்திவிடுகிறார். தூங்குகிற குழந்தை பக்கத்தில் இருக்கிறவர் வாசிப்பது அப்படித்தான் இருக்கும்.

அட்டையில் இருப்பது மைக் கார்டனின் முகம், மிகவும் கிட்டத்தில் எடுத்த படம். நீ தவழ ஆரம்பித்ததும் அந்த மூக்கைத்தான் நகத்தால் சுரண்டுவாய். இன்னும் கீறல் இருக்கிறது.

அப்புறம் ‘ஸ்வெப்ட் அவே’, ‘ஸ்டீப்’ இரண்டும் சேர்ந்து மூன்று நிமிடம்கூட வராது. தனியாகப் போட்டால் ஒன்றுமில்லை. முந்தைய பாட்டிலிருந்து ‘ப்ரின்ஸ் காஸ்பியன்’ போய்ச் சேர ஒரு நடைபாதை மாதிரி அவை. நீ ஃபோனில் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டிருப்பாய், அதனால்தான் காலியாகத் தெரிந்திருக்கும். எட்டு முதல் பதின்மூன்று வரை மொத்தம் 18 நிமிடம்தான். நீ கார்டனில் கேட்டுவிட்டு வந்த ஒரே ஒரு பாட்டின் நீளம். அதை ஆறு பாட்டு என்று நினைக்காதே, ஒரே வாசிப்பு என்று நினைத்துக்கொள். ‘ப்ரின்ஸ் காஸ்பியன்’ பற்றி ரசிகர்களே இரண்டு கட்சி. மேடையில் அலுப்பு என்பவர்கள் உண்டு. ஆனால் இந்த இடத்தில், இவ்வளவு அமைதிக்குப் பிறகு, அது கதவைத் திறந்துவிட்ட மாதிரி வந்து நிற்கும்.

சித்தி இருபதாம் தேதி பாஸ்டன் வருகிறாள். அவளிடம் அந்த சி.டி.யையே கொடுத்து அனுப்புகிறேன், கீறல் விழுந்த அட்டையோடு. பருப்புப் பொடி, நாரத்தங்காய் ஊறுகாய், உன் பழைய ஸ்வெட்டர் எல்லாம் அதே பையில் இருக்கும். சி.டி. ஓட்ட உன்னிடம் ஒன்றும் இல்லையென்றால் யாரிடமாவது கேட்டு வாங்கு. விளக்கை அணைத்துவிட்டு எட்டிலிருந்து வை. நடுவில் ஃபோனைப் பார்க்காதே. முடிந்ததும் கூப்பிடு, இங்கே எத்தனை மணியானாலும் பரவாயில்லை. பிடிக்கவில்லை என்றாலும் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா